இடக்கை ஹைப்ரிட்

பாதி விலைக்கு ஹைப்ரிட் மட்டை கிடைத்தால் யோசிக்கிற ஆள் இல்லை நான். உடனே ஆர்டர் போட்டேன்.

கோல்ஃபில் நான் கற்றுக்குட்டி. ஆறாம் குழிக்கு முன்னால் கிடக்கும் குளத்தை ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. நீண்ட இரும்பு மட்டை என் கைக்கு அடங்காது. ஹைப்ரிட்டின் தடித்த தலை பந்தைத் தானே அள்ளித் தூக்கும் என்று கடைக்காரன் எழுதியிருந்தான். அடுத்த வாரம் ஜோடிப் போட்டி. இன்று குளத்தைத் தாண்டினால் என் மனைவியின் அண்ணன் என்னைச் சேர்த்துக்கொள்வார். இல்லையென்றால் அவருடைய பல் டாக்டரை. இரண்டு பேருமே வந்திருந்தார்கள்.

குளக்கரையில் பாலிதீன் உறையைக் கிழித்து, மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தேன். அது குளத்துக்கு முதுகைக் காட்டியது.

“மாப்ள, இது இடக்கைக்காரன் மட்டை.”

“தெரியும் மச்சான்.” தெரியாது.

“செருப்பு வாங்குறவன்கூட எந்தக் காலுக்குன்னு பாத்து வாங்குவான்யா!”

பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய கடைவாய்ப் பல்வரை தெரிந்தது.

“என் மட்டையத் தரவா?” என்றார் மச்சான்.

“வேணாம்.”

வீம்புதான். பந்தின் மறுபக்கம் போய் நின்று, கையை மாற்றிப் பிடித்தேன். தோளும் இடுப்பும் அடுத்த வீட்டுக்காரனிடம் இரவல் வாங்கியவைபோல இருந்தன. சுழற்றினேன். கையில் எதுவும் தட்டவில்லை. காற்றைத்தான் அடித்தேன் என்று குனிந்து புல்லில் பந்தைத் தேடினேன்.

“மேல பாருய்யா!”

பந்து வானத்தில் இருந்தது. அவசரமே இல்லாமல் குளத்தைக் கடந்து, அக்கரைப் புல்லில் இரண்டு துள்ளு துள்ளி நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்தத் தெரியவில்லை. மச்சான் என் முதுகில் ஓங்கி அறைந்தார்.

“குருட்டு அதிர்ஷ்டம். இன்னொண்ணு அடிங்க பாப்போம்,” என்றார் பல் டாக்டர்.

அடித்தேன். தொபுக்.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். “மொதப் பந்துதான் கணக்கு டாக்டர்,” என்றார் கண்ணைத் துடைத்தபடி. “ஆனா மாப்ள, உன் பையில மிச்சமெல்லாம் வலக்கை மட்டையாச்சே. எப்பிடி ஆடுவ?”

“அப்பப்ப பக்கம் மாறி நிப்பேன்.”

“சரி, போட்டிக்கு நீயே வா. ஜெயிக்க மாட்டோம். எதிராளி சிரிச்சே தோத்தாத்தான் உண்டு.”

கோல்ஃபில் யாரும் ஓடமாட்டார்கள். நான் குளத்தைச் சுற்றி ஓடினேன்.