ஒரே புத்தகம், ஒரே வீட்டிலிருந்து மூன்று கிராக்கி

வாங்கி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நாங்கள் இரும்புச் சாமான் வியாபாரிகள். கீல், தாழ்ப்பாள், ஆணி. வந்தவர் கண் எந்தத் தாழ்ப்பாளில் இரண்டாவது தடவை நிற்கிறதோ, அதன் விலையைக் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வோம். அதனாலேயே அடுத்தவன் கடைக்குப் போனால் எதையும் இரண்டு தடவை பார்க்க மாட்டோம். அப்பா பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தானாம். அம்மா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அண்ணி பிறந்த வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற கூட்டம். அண்ணி ஆற்று வண்டலைப் பற்றி ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். எல்லாம் முடிந்து கையெழுத்து மட்டும் பாக்கி இருந்த நேரத்தில்தான் தேர்வாளர் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருடத்துக்கு முன் முந்நூறு பிரதி அச்சாகி, மறுபடி அச்சுக்கே போகாத ஒரு நூலின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அட்டவணையில் இருக்கிற எண். அண்ணி முப்பத்தேழு என்று எழுதியிருந்தார். அவர் எண்பத்தேழு என்றார். இரண்டு பேரிடமும் இருந்தது நகலுக்கு நகல் எடுத்த நகல். அதில் மூன்றும் எட்டும் ஒரே மாதிரி கொழகொழத்துக் கிடந்தன.

“மூல நூலோட சனிக்கிழமை வாங்க. எட்டா இருந்தா நாலாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதணும்” என்று சொல்லிவிட்டார். அதாவது இன்னும் ஒரு வருடம்.

நூலகப் பட்டியலில் அந்தப் புத்தகம் இருந்தது, அலமாரியில் இல்லை. பதினொரு வருடத்துக்கு முன் ஒரு பேராசிரியர் எடுத்துக்கொண்டு போனாராம். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புத்தகத்துக்குத்தான் இன்னும் விடுதலை கிடைக்கவில்லை. இணையத்தில் கடல் கடந்த ஒரு வியாபாரி ஒரு பிரதி வைத்திருந்தார். அவர் சொன்ன விலைக்கு எங்கள் கடைக்கு ஒரு சரக்கு வண்டி வாங்கலாம். தபால் செலவு தனி.

கடைசியில் நூலக ஊழியர் ஒருவர்தான் துப்புக் கொடுத்தார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடக்கிறது.

அண்ணி உடனே பையை எடுத்தார். அம்மா மறித்தாள். “நீ போகாதேம்மா. உன் முகத்துல எல்லாம் அச்சடிச்ச மாதிரி தெரியும். அவன் தோலை உரிச்சிடுவான். நாங்க பார்த்துக்கறோம்.”

அந்த ‘நாங்க’வில்தான் வினை இருந்தது.

திங்கட்கிழமை அண்ணன் போனான். சமையல் புத்தகம் தேடுவதுபோல் நடித்து, வண்டல் புத்தகத்தைக் கட்டைவிரலால் தள்ளி, “இதெல்லாம் எடைக்குத்தானே போடுவீங்க?” என்றான். கடைக்காரர் அறுநூறு சொன்னார். சிரித்துவிட்டு வந்துவிட்டான். ஊறட்டும் என்று நினைப்பு. செவ்வாய்க்கிழமை அம்மா போனாள். மேசைக்கால் ஆடுகிறது, கீழே வைக்க இந்தத் தடிமனில் ஒன்று வேண்டும் என்றாள். விலை ஆயிரத்து ஐந்நூறு. புதன்கிழமை அப்பா ஒரு கல்லூரி முதல்வர் குரலில் தொலைபேசினார். நாலாயிரம். யாரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. சட்டம் சட்டம்தான்.

வியாழன் சாப்பாட்டு நேரத்தில் அப்பாதான் முதலில் உடைந்தார். “யாரோ ஒரு பெரிய புள்ளி அந்தப் புத்தகத்துக்கு அலையறான். நாளுக்கு நாள் ஏறுது.”

“ஆமா, எனக்கு முன்னாடியே ஒருத்தன் வந்துட்டுப் போனானாம். சமையல் புத்தகம் கேக்கிற மாதிரி நடிச்சானாம், திருட்டு முழி” என்றாள் அம்மா.

அண்ணன் சோற்றைப் பார்த்தான். அண்ணி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஏற்றிய விலையை இறக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் கடையின் பழைய விலைப் பட்டியல்களை ஆறு கட்டாகச் செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு போனேன்.

“வண்டல் பத்தின புத்தகம். ஆறு காப்பி இருக்கு. எடுத்துக்கறீங்களா?”

கடைக்காரர் முகத்திலிருந்த நாலாயிரம் கண்ணெதிரே கரைந்தது. “ஆறா! இதையெல்லாம் யாரு தம்பி வாங்கறா? என்கிட்ட இருக்கிறதையே எலிகூடத் தொடல. நூத்தம்பது தரேன்.”

“உங்க காப்பிய என்ன விலைக்குக் குடுப்பீங்க?”

“முந்நூறுக்குத் தள்ளிடுவேன்.” சொன்னதோடு நிற்காமல் அட்டையில் பென்சிலால் எழுதியும் வைத்தார். இதற்குமேல் விலை இறங்காது என்று கட்டைப் பிரிக்காமலே வெளியே வந்தேன். விற்க வந்தவன் அங்கேயே வாங்க முடியாதே! தெருமுனையில் நின்ற அண்ணனை அனுப்பினேன். “முந்நூறு. வாயை மூடிட்டுக் கொடுத்துட்டு வா.”

அவனால் முடியுமா? ரத்தம் விடுமா? “இருநூறு” என்றிருக்கிறான். கடைக்காரர் தலையாட்டவில்லை. உடனே விறுவிறுவென்று வெளியே நடந்தான். எங்கள் முறைப்படி திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஆசை தெரிந்துவிடும். பின்னாலிருந்து குரல் வரும். பத்தடி வந்தான், இருபதடி வந்தான். என்னருகே வந்தே நின்றுவிட்டான்.

“கூப்பிடலடா.”

இருவரும் ஓடினோம். மேசை காலியாக இருந்தது.

“இப்பத்தான் ஒரு அம்மா வாங்கிட்டுப் பின்வாசல் வழியாப் போனாங்க,” என்றார் கடைக்காரர், நெகிழ்ந்துபோய். “அலமாரிக்குப் பின்னாடி ரொம்ப நேரமா நின்னாங்க. பேரமே பேசல. நன்றி வேற சொன்னாங்க. இப்படியும் மனுஷங்க இருக்காங்களே!”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். அண்ணியின் ஒரு வருடத்தை நூறு ரூபாய்க்கு விற்றுவிட்டு வந்தவன் வேறென்ன செய்வான்?

கதவைத் திறந்தால், சாப்பாட்டு மேசையில் அண்ணி. எதிரே திறந்து கிடந்தது புத்தகம்.

“மூணு,” என்றார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. “தெளிவா மூணு.”

அண்ணன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். “என்ன கொடுத்தே?”

“முந்நூறு, அத்தை.”

“அவன் கேட்டது?”

“முந்நூறு.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாவு வீட்டில் துக்கம் கேட்பதுபோல் அம்மா அண்ணியின் தோளைத் தொட்டு, “பரவாயில்ல, படிச்ச பொண்ணு” என்றாள்.

சனிக்கிழமை மதியம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். தேர்வாளர் அந்தப் பக்கத்தைக் கால் மணி நேரம் பார்த்தாராம். எண்பத்தேழை நம்பி அவரே இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறாராம். அப்புறம் கையெழுத்துப் போட்டாராம்.

“இப்ப அந்தப் புத்தகத்தைத் தனக்குக் கொடுக்க முடியுமான்னு கேக்கறார், அத்தை. பத்து வருஷமா தேடறாராம். என்ன விலைன்னாலும் சரியாம். என்ன சொல்லட்டும்?”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கையெழுத்து போட்ட காகிதம் உன் பையில இருக்கா?”

“இருக்கு.”

“புத்தகம்?”

“அதுவும் பையிலதான்.”

“அப்போ எழுந்து வெளியே நட. திரும்பிப் பார்க்காதே.”