காலி மெத்தை மூச்சு விடுகிறது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது அல்ல, அக்காவுடையது. ஒரு பத்திரிகை கதை கேட்டிருந்தது. என் கையில் சரக்கு இல்லை. அக்கா சாப்பிட்டுக்கொண்டே ஆபீஸைப் பற்றிப் புலம்பினாள். நான் உச்சுக் கொட்டிக்கொண்டே மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அக்காவின் கம்பெனி குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு மெத்தை செய்கிறது. அடியில் ஒரு சென்சார். குழந்தை மூச்சு விடும்போது விழும் அழுத்தத்தில் அதன் மின்தடை துளியூண்டு மாறும். அந்தத் துளியைப் பெருக்கிச் சுத்தம் செய்து தரும் சில்லுக்குப் பெயர் சிக்னல் கண்டிஷனர். எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது கெயின். (ஏசியில் ஒரு வகை என்று நினைத்தேன். இயற்பியலில் நான் வாங்கிய மார்க்கை இங்கே சொல்வதாக இல்லை.) மூச்சு இருந்தால் பச்சை விளக்கு, நின்றால் அலாரம்.

2

முதல் தொடக்கம்:

"நடுங்கும் விரல்களால் அவள் குமிழைத் திருகினாள். கெயின் உச்சத்தைத் தொட்டது. அந்தப் பிஞ்சு மூச்சு, பிரபஞ்சத்தின்

அக்கா இந்த இடத்தில் சிரித்துவிட்டதால் வாக்கியம் அப்படியே நிற்கிறது.

"குமிழா? அது என்ன ரேடியோவாடா? கம்ப்யூட்டர்ல நம்பர் அடிக்கணும், அவ்வளவுதான். விரல் நடுங்கினா தப்பு நம்பர்தான் விழும்."

"சரி, கெயின கூட்டினா மூச்சு தெரியும்ல?"

"எங்க மேனேஜரும் இதத்தான் சொன்னார். சென்சார் மந்தம், ஏத்தி வைன்னு. ஏத்தினேன். பச்சை எரிஞ்சுது, எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் மெத்தை மேல மூச்சு விட்டுட்டிருந்த சோதனைப் பொம்மையத் தூக்கிட்டேன். அப்பவும் பச்சைதான்."

"எப்படி?"

"இரைச்சலும் சேந்து பெருகுதுடா. ஏசி அதிர்வையெல்லாம் மூச்சுன்னு எண்ணுது. காலி மெத்தை மூச்சு விடுது."

(மந்தமான ஒன்றை உச்சத்துக்கு ஏற்றி, வரும் இரைச்சலை உயிர் என்று நம்புவது. என் பழைய கதைகளை யாரும் இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டாம்.)

3

அக்கா விடவில்லை. மேலே எதுவும் இல்லாதபோதே சென்சார் காட்டும் பொய் அளவை முதலில் கழித்தாள். பிறகு கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இரைச்சலை வடிகட்டினாள். காலி மெத்தை ஒழுங்காக அலாரம் அடித்தது. ஆனால் மிகச் சின்னக் குழந்தையின் மூச்சு சில சமயம் பிடிபடாமல், அலாரம் வீணாகவும் கத்தியது.

கத்துகிற மெத்தையை எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது என்றார் மேனேஜர். முன்பு ஏற்றிவைத்த பழைய நம்பரையே போட்டு, பரிசோதித்தாயிற்று என்று திங்கட்கிழமை அக்கா கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

4

முடிவு அ: அக்கா மறுக்கிறாள். மேனேஜர் கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறார்.*

முடிவு ஆ: அக்கா கையெழுத்துப் [எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.]

* "அந்த ஆளா? கண்ணா? கலங்குதா?" — அக்கா.

"மெத்தைன்னு ஒண்ணுமே இல்லாததுக்கு ஏதோ ஒண்ணு இருக்கறது தேவலைதானேக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஒண்ணுமே இல்லன்னா சிஸ்டர் பக்கத்துல வந்து எட்டிப் பாப்பாங்க. பச்சை எரிஞ்சா வாசல்லேர்ந்தே பாத்துட்டுப் போயிடுவாங்க."

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்குடா. இந்த வயசுல வேற எவன் எனக்கு வேலை குடுப்பான்? போட்டேன்னும் எழுதாத, போடலன்னும் எழுதாத. எனக்கே இன்னும் தெரியல."

5

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. ஓர் அறை மட்டும் இருக்கிறது. வரிசையாகத் தொட்டில்கள். கடைசித் தொட்டிலில் பச்சை எரிகிறது. சிஸ்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, நிம்மதியாகத் திரும்புகிறார். அக்கா இங்கே இல்லை, மேனேஜர் இல்லை, நானும் கிளம்புகிறேன். நீங்கள்தான் இருக்கிறீர்கள். அவர் இன்னும் கதவைத் தாண்டவில்லை. "சிஸ்டர்" என்று ஒரு குரல் கொடுத்தால் திரும்பிவிடுவார்.