துரு ஏறிய குழல்

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் செஞ்சிப் பக்கம் மழை விடவே இல்லை. சிங்கவரத்துப் பண்ணைக்காரர் ராஜாராமிடம் ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது பண்ணையாள் பச்சைமுத்துவின் வேலை. ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி, காற்றுப் படும்படி வாசல் அறையில் நிறுத்திவைப்பான். கைவேர்வை பட்ட இடத்தைக்கூட மறுபடி துடைப்பான்.

அந்த வருஷம் ராஜாராம் பட்டணத்திலிருந்து ஒரு தோலுறை வாங்கிவந்தார். துப்பாக்கியை அதில் போட்டு மாட்டச் சொன்னார்.

"மழைக்காலம் ஆண்டே. தோலு ஈரத்த இழுக்கும். உள்ளயே துரு ஏறிடும்."

"உன்ன இன்னா கேட்டேன்?" என்றவர், கூலியாட்கள் எதிரிலேயே பிரம்பால் அடித்தார். பச்சைமுத்து துப்பாக்கியை உறைக்குள் போட்டு மாட்டினான்.

தை மாதம் மல்லாட்டைக் கொல்லையில் காட்டுப்பன்றிகள் இறங்கி வேர்க்கடலையைக் கிளறின. துப்பாக்கியைத் துடைத்துத் தரச் சொன்னார் ராஜாராம். உறையை உருவினால் குழல் முழுக்கச் செந்துரு. தேங்காய்நாரும் எண்ணெயும் போட்டுத் தேய்த்ததில் வெளிப்பக்கம் பளபளத்தது. வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தான். அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இரும்பு அரித்துப்போயிருந்தது. சுட்டால் வெடிக்கும் என்று தெரிந்தது. சுடப்போகிறவர் ராஜாராம். வாய் திறக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மத்தியானம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து வாங்கப் பச்சைமுத்துவைச் செஞ்சிக்கு அனுப்பினார். பொழுது சாயும்போது திரும்பி வந்தவன் வாசல் அறையைப் பார்த்தான்.

"துப்பாக்கி எங்க ஆண்டே?"

"எனக்கு முடியல. பன்னி சுட உன் தம்பிகிட்ட குடுத்தனுப்பிட்டேன்."

மருந்தைப் போட்டுவிட்டு ஓடினான். தம்பி பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினான். வாய்க்காலைத் தாண்டுவதற்குள் சத்தம் கேட்டது.

தம்பி இளையபெருமாளின் இடது கையும் முகமும் கிழிந்து கிடந்தன. மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனான்.

விசாரிக்க வந்தவர்களிடம் ராஜாராம், "துப்பாக்கி இவன் பொறுப்பு" என்றார். பச்சைமுத்து மறுக்கவில்லை. தவறி நடந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

கருமாதி முடிந்த அன்று தம்பி பொண்டாட்டி பூவாயி அவனிடம் வந்தாள்.

"குழலுக்குள்ள பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்."

"கெட்டுப்போனது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. அவுருதான் சுடுவாருன்னு இருந்துட்டேன்."

 மறுநாள் காலை பூவாயி சட்டிபானைகளை மூட்டை கட்டிக்கொண்டு, பனமலையில் இருந்த அப்பன் வீட்டுக்கு நடந்தாள். பச்சைமுத்து கொஞ்ச தூரம் பின்னாலேயே போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அவன் பண்ணை வேலைக்குப் போனான்.