தேதி இல்லாத மழை

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் மெஷினக்கா. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எந்திரம் என்று எது மக்கர் பண்ணினாலும் ஸ்க்ரூடிரைவர் பையோடு வந்து நிற்பாள். அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்று. அதன் உயிர்நாடி கர்னல். ஹார்ட் டிஸ்கில் எந்த ஃபைல் எந்த இடத்தில் கிடக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். அப்படிப் பல வகைகள் கர்னலுக்குத் தெரியும். அதில் ஒன்று, எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனி தன் மெஷின்களுக்கென்று செய்துகொண்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரே மெஷின் அந்த வகையில்தான் படங்களை எழுதிவைத்தது. படம் பாதியில் அறுந்துபோகிறதே என்று தோண்டப்போனவள், கர்னலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினாள். அதுவரை அந்தப் பகுதியைப் பார்த்துவந்தவர் 'நல்ல திருத்தம். இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனவர்தான், திரும்பி எட்டிப் பார்க்கவில்லை. பராமரிப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயர் ஏறியது. எக்ஸ்ரே மெஷின் பழைய இரும்புக்குப் போன பிறகும் அந்தப் பெயர் இறங்கவில்லை.

அவள் கணவர் பஸ் டிரைவர். காலையில் முதல் டிரிப்புக்குக் கிளம்பும்போதே அவளும் எழுந்து சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவிடுவாள்.

"ரெண்டு பொண்ணுங்களும் வளந்து வேலைக்குப் போயிடுச்சு. இது மட்டும் இன்னும் உன் இடுப்பை விட்டு இறங்க மாட்டேங்குது" என்பார், ஷூ மாட்டிக்கொண்டே.

"இதுக்கு வேற யாருங்க இருக்காங்க?"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

ஃபைல் சிஸ்டம்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தவருக்குக் கத்திரிக்கோல் என்று பெயர் வைத்ததும் கணவர்தான். பயன்படாத பகுதிகளை வெட்டி எறிவதில் அந்த ஆள் கெட்டிக்காரர். ஒருநாள் அவரிடமிருந்து மெயில் வந்தது. மரியாதையான மெயில்தான். உங்கள் பகுதியில் நாற்பத்தோரு பிழைப் புகார்கள் தேங்கிக் கிடக்கின்றன, மற்ற ஃபைல் சிஸ்டம்களெல்லாம் புதிய முறைக்கு மாறிவிட்டன, உங்களுடையதால் எல்லோருக்கும் இழுபறி, எட்டு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் அடுத்த பதிப்பிலிருந்து நீக்கிவிடுவோம். இதை யாராவது பயன்படுத்துகிறார்களா என்றும் கடைசியில் கேட்டிருந்தார்.

அந்தக் கேள்விதான் அவளைத் தைத்தது. கர்னல் எழுதுபவர்களின் மெயில் குழுவில் எல்லோருக்கும் போகிறமாதிரி அதையே கேட்டு எழுதினாள். மூன்று பதில்கள் வந்தன. ஒருவர் முன்பு பயன்படுத்தினாராம். இன்னொருவர் இந்த மெயில்களை நிறுத்துவது எப்படி என்று கேட்டார். மூன்றாமவர் ஒரு மலைமேல் தனியாக வானிலை நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர். இருபத்தாறு வருடத்து மழையும் காற்றும் அந்தக் கம்பெனி மெஷின் எழுதிய ஒன்பது டிஸ்க்குகளில் இருக்கின்றன, பெரிய டிஸ்க்குகளைத் திறந்து காப்பி எடுக்கப்போனால் கம்ப்யூட்டர் பாதியில் உறைந்துவிடுகிறது, கொஞ்சம் பாருங்கள் என்றார். மெஷினக்கா அவரை மனதுக்குள் மழைக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அந்த எட்டு வாரமும் அவள் வீட்டில் இருந்தும் இல்லாதவள்தான். பழைய கோட் பழைய வீட்டு வயரிங் மாதிரி. ஒரு முனையைத் தொட்டால் வேறெங்கோ விளக்கு அணையும். இருந்தும் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். உறைந்துபோவதற்குக் காரணம் கிடைத்தது. புதிய முறைக்கும் மாற்றினாள். தன்னிடமிருந்த நான்கு டிஸ்க்குகளிலும் போட்டுப் பார்த்தாள், சரியாக ஓடியது. யாராவது படித்துப் பார்த்துத் தவறு சொல்லுங்கள் என்று கேட்டு அனுப்பினாள். இரண்டு வாரம் காத்திருந்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'ஆட்சேபம் இல்லாததால் சேர்த்துக்கொள்கிறேன்' என்று கத்திரிக்கோல் சேர்த்துக்கொண்டார்.

மழைக்காரருக்கு அவளே போன் செய்தாள். "புதுப் பதிப்பு வந்துடுச்சு சார். காப்பி எடுக்கறதுக்கு முன்னாடி, எல்லா டிஸ்க்கும் திறக்குதான்னு ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க."

நான்கு நாள் கழித்து அவர் கூப்பிட்டபோது அவள் ஸ்கேன் அறையில் தரையில் உட்கார்ந்து ஒரு கேபிளைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், எல்லாமே திறந்துச்சு. ஒண்ணொண்ணா போட்டு, பாத்து, டிக் அடிச்சு வச்சேன். இன்னிக்குக் காப்பி எடுக்கலாம்னு மறுபடி போட்டா காலியா காட்டுது."

"எத்தனை டிஸ்க்?"

"ஏழு. சின்னது ரெண்டு மட்டும் நல்லா இருக்கு."

சின்னது என்ற சொல்லைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் திறந்து பார்த்த டிஸ்க்கை மூடும்போது, பத்திரமாக மூடினேன் என்று அதன் கடைசியில் ஒரு குறிப்பு எழுதப்படும். அந்தக் கடைசி இடம் எங்கே என்று கணக்கிடும் வரியில் அவள் குறைந்த இலக்கமே பிடிக்கும் எண் ஒன்றைப் போட்டிருந்தாள். பெரிய டிஸ்க்கில் அந்த எண் நிரம்பி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியில் எழுதவேண்டியது டிஸ்க்கின் ஆரம்பத்தில் போய் விழும். ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் இருப்பது அங்கேதான். அவளிடமிருந்த நான்கு டிஸ்க்குகளும் சின்னவை.

"சார், இனிமே எதையும் தொடாதீங்க. நான் வர்றேன்."

லீவு சொல்லிவிட்டு ரயிலில் ஒரு பகல், அப்புறம் மலைப்பாதையில் ஒரு வேனில் இரண்டு மணி நேரம். அறுபதை நெருங்கிய மெலிந்த மனிதர் வாசலில் குடையோடு நின்றார். இரண்டே அறை. ஒன்றில் கட்டிலும் அடுப்பும், மற்றதில் கருவிகள். சுவரில் ஒரு தாளில் ஒன்பது டிஸ்க்குகளின் எண்களும் எதிரே ஒன்பது டிக்குகளும் இருந்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

மூன்று நாள் உட்கார்ந்தாள். மழை, காற்று அளவுகள் பெரும்பாலும் அழியவில்லை. ஆனால் மெஷின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஃபைல் எழுதி, தேதியை ஃபைலின் பெயராக மட்டும் வைத்திருந்தது. பெயர்ப் பட்டியல் போனதோடு தேதிகளும் போய்விட்டன. டிஸ்க்கில் ஃபைல்கள் வரிசையாகவும் இல்லை; எங்கே இடம் கிடைத்ததோ அங்கே எழுதப்பட்டவை. ஆயிரக்கணக்கான நாட்கள் குவியலாகக் கிடந்தன. ஒருநாள் இருபது மில்லிமீட்டர், ஒருநாள் ஒன்றுமில்லை, ஒருநாள் முந்நூற்றுப் பத்து. எந்த வருடத்து எந்த நாள் என்று சொல்ல வழியில்லை.

"பேப்பர்ல ஏதாவது இருக்கா சார்?"

"மெஷின் வந்தப்போ பேப்பர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க." அவர் திரையைக் குனிந்து பார்த்தார். "இந்த முந்நூத்திப் பத்து எனக்கு ஞாபகம் இருக்கு. கீழ பாலம் அடிச்சிட்டுப் போன வருஷம். ஆனா என் ஞாபகத்தை யார் ஒத்துக்குவாங்க? கீழ அணை கட்டப் போறாங்க. பெரிய மழை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வருதுன்னு கேட்டிருந்தாங்க. இனிமே உத்தேசமா ஒண்ணு போட்டுக்குவாங்க."

"தப்பு என்னோடது சார். ஒரே ஒரு வரி."

"தெரியும். நீங்க போன்ல அன்னிக்குச் சொன்ன விதத்துலயே தெரிஞ்சுது."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரோ தட்டில் சோறு போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு, மழைமானியைப் பார்க்க வெளியே போனார். அன்றைய அளவை ஒரு நோட்டில் எழுதினார். தேதியையும் பெரிதாக எழுதினார்.

வீடு திரும்பியதும் அந்த ஒரு வரியைத் திருத்தி அனுப்பினாள். நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். அடுத்த நாள் இன்னொரு திருத்தம் அனுப்பினாள். அது அந்த ஃபைல் சிஸ்டத்தையே கர்னலிலிருந்து நீக்கும் திருத்தம். பதினோராயிரத்துச் சொச்சம் வரிகள். சரிபார்க்க ஆளில்லாத ஒன்றை நம்பி இன்னொருவர் டிஸ்க்கைச் செருகக்கூடாது என்று காரணம் எழுதினாள். கத்திரிக்கோல் அன்றே சேர்த்துக்கொண்டு, இத்தனை வருட உழைப்புக்கு நன்றி என்றார். கிண்டலாக இல்லை, உண்மையாகவே சொல்லியிருந்தார்.

"நீயே ஏம்மா அனுப்பின?" என்று கணவர் கேட்டார். அன்று அவர் கேலி பேசவில்லை.

"வேற யாராவது அனுப்பியிருந்தா, நான் எதிர்த்து எழுதியிருப்பேங்க."

சில மாதம் போனது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து மெயில் வந்தது. இறந்துபோன அப்பாவின் ஸ்டூடியோ டிஸ்க்குகளாம், புதுக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லையாம், இணையத்தில் தேடியதில் பழைய பட்டியல் ஒன்றில் இவள் பெயர் கிடைத்ததாம். எந்தப் பழைய பதிப்பை எப்படிப் போடவேண்டும், எதையும் எழுதவிடாமல் எப்படிப் படிக்கவேண்டும் என்று மெஷினக்கா ஒரு பக்கத்துக்கு விளக்கி எழுதினாள்.

'இதெல்லாம் எனக்குப் புரியவில்லை. இது தெரிந்தவர் இப்போது யாராவது இருக்கிறார்களா?' என்று பதில் வந்தது.

டிஸ்க்குகளை எனக்கே அனுப்பிவையுங்கள் என்று தட்டச்சு செய்தாள். பெரிதா சின்னதா என்று கேட்டு ஒரு வரி சேர்த்தாள். பிறகு அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. அனுப்பாமலே மூடிவைத்தாள். சாயங்காலம் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாயங்காலமும் அனுப்பவில்லை.