மூன்று நொடி மேதை

ஊருக்கெல்லாம் சோபா தைத்துக் கொடுத்தவர் தனக்கென்று தைத்துக்கொண்டது ஒரே ஒரு நாற்காலிதான். கெட்டிப் பஞ்சு, உயர்ந்த முதுகு, சாய்ந்தால் தூக்கம் தானாக வரும். அதில் ஆசைதீர உட்காருவதற்குள் மாமியார் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, நேராக அதிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எழுந்திருங்கள் என்று யார் சொல்வது?

கூடவே அவருடைய டிஜிட்டல் ரேடியோவும் வந்தது. உப்பு ஜாடியை ஓரங்கட்டிவிட்டுச் சாப்பாட்டு மேசையின் நடுவில் அமர்ந்துகொண்டது. இரைச்சல் மருந்துக்கும் கிடையாது. மாலையானால் அதில் வினாடி வினா. மாமியார் பட்பட்டென்று பதில் சொல்வார். மாப்பிள்ளை வாயைத் திறந்தாலே தப்பு.

"உன் வீட்டுக்காரருக்கு மேல்மாடி காலிடி" என்று அவர் மகளிடம் சொன்னது ஒருநாள் இவர் காதிலும் விழுந்தது. மனுஷனுக்கு நிஜமாகவே வலித்தது.

வலியோடு பின்பக்கப் பட்டறைக்குப் போய்ச் சட்டைப்பைக்குள் அடங்கும் தன் பழைய ரேடியோவைத் திருகினார். அதிலும் அதே நிகழ்ச்சி. ஆனால் இது விடையைச் சொல்லி முடித்து மூன்று நொடி கழித்துத்தான் ஜன்னல் வழியே வீட்டு ரேடியோ அதே விடையைச் சொன்னது. மறுபடி கேட்டார். மறுபடியும் அப்படியே. இத்தனை பவுசு காட்டும் டிஜிட்டல் ரேடியோ, கிழட்டு ரேடியோவுக்குப் பின்னால் ஓடி வருகிறது!

மறுநாள் மாலை பழைய ரேடியோ அவர் சட்டைப்பையில் இருந்தது. ஒயர் காலருக்குள் ஏறி இடது காதில் முடிந்தது. அதை மறைக்க ஒரு கொத்து சோபா பஞ்சு.

"காதுல என்னங்க?" என்றாள் மனைவி.

"குத்தல்."

'தேனீக்கு எத்தனை கண்?' என்றது மேசை ரேடியோ.

"ரெண்டு" என்றார் மாமியார்.

இவர் விட்டத்தைப் பார்த்தார். தாடையைத் தடவினார். "அஞ்சுன்னு நினைக்கிறேன் அத்தை."

'சரியான விடை, ஐந்து!' என்றது ரேடியோ.

இப்படியே சில நாள் போயிற்று. ஒரு மாலை மாமியார் எழுந்து நின்றார். "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை." தான் தைத்த நாற்காலியில் தானே உட்கார்ந்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழ ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"உங்க பேரக் குடுத்துட்டேன் மாப்பிள்ளை. நாளைக்கு நிகழ்ச்சியிலேர்ந்து உங்களுக்குப் போன் வரும். சொந்தக்காரங்க எல்லாரும் கேப்பாங்க."

விடை சொல்ல வேண்டியவரே இவர் என்றால், எந்த ரேடியோ முந்தி வந்து காப்பாற்றும்?

போன் வந்தது. "பக்கத்துல ரேடியோ ஓடுனா இரையும், தள்ளிப் போயிடுங்க சார்" என்றார் நிகழ்ச்சிக்காரர். இவர் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கேள்வி இதுதான். ஒரே நிலையத்தப் பழைய ரேடியோவுலயும் டிஜிட்டல் ரேடியோவுலயும் ஒண்ணா வெச்சா, எது முந்திப் பேசும்?"

உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம்! "பழைய ரேடியோதான்!" என்று கத்தினார்.

"சரியான விடை! எப்படி சார் இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"தினமும் ஒரு காதுல அதையும் இன்னொரு காதுல இதையும் கேட்டுத்தானே விடை சொல்றேன், எனக்குத் தெரியாதா!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனால் கூடத்துக்கு அது இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. போனைக் கட்டிலில் எறிந்தார், கதவைத் திறந்தார், மிதியடி வழுக்கிக் குப்புற விழுந்தார், எழுந்து ரேடியோவை நோக்கிப் பாய்ந்தார். கை பொத்தானைத் தொடவும், அவருடைய குரலே அதிலிருந்து கேட்டது: '...எனக்குத் தெரியாதா!'

அதைத் தொடர்ந்து நிகழ்ச்சிக்காரர்: 'பரிசா உங்களுக்கு ஒரு டிஜிட்டல் ரேடியோ!'

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் சிரிக்கவில்லை. பழக்கதோஷத்தில் மாப்பிள்ளை இடது காதில் வைத்திருந்த பஞ்சை இரண்டு விரலால் பிடுங்கி மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பரிசு ரேடியோவ நீங்களே வெச்சுக்கோங்க மாப்பிள்ளை. இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல விடை வரட்டும்."

சொல்லிவிட்டு நாற்காலியில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார்.