தாய்வீட்டுக் கோடி

வேறு வேலையில்லாமல் வம்சாவளி வரைய உட்கார்ந்தேன். விழுப்புரத்தில் எங்கள் குடும்பம், திண்டிவனத்தில் அவர்கள் குடும்பம். தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அப்பாவின் கூடப்பிறந்த அம்சவள்ளி அத்தையை அங்கே கட்டிக்கொடுத்ததோடு எல்லாம் நின்றுபோயிருந்தது. ஏன் என்று கேட்டால் அப்பா, "அந்த வீட்டுப் பேச்ச எடுக்காத" என்று எரிந்து விழுவார்.

நானே திண்டிவனம் போனேன். அத்தையின் நாத்தனார் பிரபாவதி காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணி இங்க வந்ததும், என்னை உங்கப்பாவுக்குக் கேட்டாங்க. நான் மாட்டேன்னுட்டேன். அதோட உங்கப்பா எங்க படி ஏறல. மறுவருஷம் அண்ணி பிரசவத்துல போயிட்டாங்க. சேதி சொல்லி ஆள் அனுப்பினோம். தாய்வீட்டுக் கோடிப் புடவை போத்தாம பொணத்த எப்படி எடுக்கறது? பொழுது சாயற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கினு இருந்தோம். யாருமே வரல."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பாவிடம் கத்தித் தீர்த்தேன். "கூடப் பொறந்தவதானே? ஒரு புடவைக்குக் கூடவா கதியில்லாம போயிட்டா?"



"அப்புறம் கோடி யாரு போட்டாங்களாம்?" என்று கேட்டார் அப்பா.

"அந்தப் பிரபாவதியேதான். தன் நிச்சயத்துக்கு எடுத்து வெச்சிருந்த புதுப் புடவைய."

அவர் எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். அடித்தட்டிலிருந்து, நைந்துபோன ஜவுளிக்கடைப் பை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே மடிப்புக் கலையாத அரக்குப் புடவை.

"திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேம்மா" என்றார்.