மூன்றாம் தேதி

மீனவர் குப்பத்து மன்றத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. அதன் மேல் ஓரத்தில் ‘வரலாற்றில் இன்று’ என்று வெள்ளை பெயிண்டில் எழுதியிருக்கும். கீழே தினமும் காலையில் தவ்ஃபீக் சாக்பீஸால் எழுதுவான். எதிரில் உள்ள லாரி புக்கிங் ஆபீசில் அவனுக்கு வேலை. கையெழுத்து நன்றாக இருந்ததால் மன்றத்துக்காரர்கள் அவனைப் பிடித்துப் போட்டார்கள். அவன் குப்பத்து ஆள் இல்லை. தண்டையார்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவன்.

அன்று டிசம்பர் மூன்று. தவ்ஃபீக் எழுதினான்.

1967 – உலகின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை, கேப் டவுன்.
1971 – இந்தியா – பாகிஸ்தான் போர் தொடங்கியது.
1984 – போபால் விஷவாயுக் கசிவு. ஆயிரக்கணக்கானோர் பலி.
1992 – உலகின் முதல் எஸ்எம்எஸ் அனுப்பப்பட்டது.

அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டான். முந்தின நாள் குப்பத்து உதயா வந்து கேட்டிருந்தாள். தன் தம்பி வெற்றி செத்து ஒரு வருடம் ஆகிறது, அவன் பெயரை இதில் எழுத வேண்டும் என்று. எழுதுகிறேன் என்று அவன் சொல்லவில்லை. பார்க்கலாம்க்கா என்றான்.

பலகைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு இலவச மருத்துவ முகாம். எண்ணூர் ரோட்டில் உள்ள கம்பெனி நடத்துகிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. கூடவே மனோகரன் வந்தார். மன்றத் தலைவர். குப்பத்துப் பஞ்சாயத்திலும் இருக்கிறார். கடலுக்குப் போகும் இரண்டு ஃபைபர் போட்டுகள் அவருடையவை. அதே கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புவதும் அவர்தான்.

பலகையைப் படித்தார்.

“பாய், போபாலை அழி.”

“அண்ணே, அது உலகத்துக்கே தெரிஞ்சது.”

“தெரிஞ்சத இன்னாத்துக்கு எழுதுற? தெரியாதத எழுது.”

“இல்லண்ணே, இன்னிக்குத் தேதிக்கு அதான் பெருசு.”

“கம்பெனிக்காரங்கோ வராங்கோ. அவங்க செலவுல கேம்ப்பு. மூஞ்சிக்கு எதிர்ல கேஸு லீக்குன்னு எழுதி வெப்பியா?”

சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையாலேயே அழித்தார். கையை வேட்டியில் துடைத்தார்.

“அந்த எடத்துல இன்னா போடறது?”

“எவனாவது பொறந்திருப்பான், பாரு.”

தவ்ஃபீக் போனில் பார்த்தான். 1884 – ராஜேந்திர பிரசாத் பிறந்த நாள் என்று எழுதினான்.

உதயா வந்தபோது அந்த வரி சாக்பீஸ் தூசியில் பாதி தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அவளுக்குக் காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை. அன்று போகவில்லை. பலகையை மேலிருந்து கீழே படித்தாள். காலியாக இருந்த வரியில் கண் நின்றது.

“தவ்ஃபீக்கு, என் தம்பி எங்க?”

“அக்கா...”

“எஸ்எம்எஸ் அனுப்பிச்சவன் கீறான். செத்தவன் எங்க?”

பக்கத்தில் டீக்கடை போட்டிருந்த ஜானட் சிரித்துவிட்டாள். “அந்த எஸ்எம்எஸ் கண்டுபுடிச்சவனைப் புடிச்சி இங்க கொண்டாங்கடி. என் வூட்டுக்காரன் அதுலதான் கெட்டான்.”

உதயா சிரிக்கவில்லை.

வெற்றி கம்பெனியில் தொட்டி கழுவப் போனவன். மனோகரன்தான் அனுப்பினார். போன வருடம் மூன்றாம் தேதி சாயங்காலம் உள்ளே இறங்கியவனை விஷவாயு தாக்கியது. கயிறு கட்டி மேலே இழுத்தபோது மூச்சு இல்லை. கம்பெனி வண்டியில் போட்டு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் கம்பெனி வேறு சொன்னது. வேலை முடிந்து போகும்போது நெஞ்சு வலி வந்தது, உயிரோடுதான் சேர்த்தோம், நாலாம் தேதி காலையில் சிகிச்சையில் இறந்தார் என்றது. சான்றிதழிலும் அதே தேதி.

கண்ணீர் அஞ்சலி பேனரை மனோகரன் அடித்து வந்து தெருமுனையில் கட்டினார். வெற்றி கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கிற படம். கீழே, மறைவு: 4.12.2024. தேதி தப்பு என்று உதயா அப்போதே சொன்னாள். சாவு வீட்டில் இதையெல்லாம் பார்ப்பாயா என்று அதட்டினார்கள். அவள் அடங்கிவிட்டாள். எட்டு மாதம் கழித்து, தொழிலாளர் துறை விசாரணையில் கம்பெனி வக்கீல் அந்தப் பேனரின் போட்டோவை எடுத்து வைத்தார். உங்கள் ஊர்க்காரர்களே நாலு என்றுதானே போட்டிருக்கிறார்கள், அம்மா?

தேதி என்பது என்னவென்று அவளுக்கு அன்று தெரிந்தது. மூன்றாம் தேதி செத்தால் அவன் தொட்டிக்குள் செத்தான். நாலாம் தேதி செத்தால் அவனாகவே செத்தான்.

மனோகரன் பந்தலிலிருந்து வந்தார்.

“இது உலக வரலாறும்மா. ஊர்ல செத்தவன் பேரெல்லாம் எழுதுனா பலகை பத்தாது.”

“போன மாசம் உன் பேத்தி பொறந்த நாளு எழுதுனியே மாமா. அது எந்த உலகத்து வரலாறு?”

டீக்கடையில் நின்றவர்கள் டம்ளருக்குள் பார்த்துச் சிரித்தார்கள்.

மனோகரன் குரலைத் தாழ்த்தினார். “நாளைக்கு எழுதலாம். நாலாம் தேதி. பலகை பூரா அவனுக்கே. மாலை போடறேன், ஊருக்குச் சாப்பாடு போடறேன். உங்கம்மாகிட்ட கேட்டுட்டேன். சரின்ட்டாங்கோ.”

உதயாவின் அம்மா குப்பம்மா முகாம் வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தாள். முட்டி வலிக்கு மருந்து வாங்க வந்தவள். கையில் டோக்கன்.

“நீ சரின்னியாம்மா?”

“மாலை போடறன்றான்.”

“நாளைக்குப் போட்டா நாளைக்குத்தான் செத்தான்னு ஆயிடும்.”

“எந்தத் தேதில செத்தா இன்னாடி? தேதிய மாத்துனா என் புள்ள எழுந்து வருவானா?”

அம்மாவின் ரவிக்கை தோளில் கிழிந்திருந்தது. உதயா புடவையை இழுத்து அதை மூடிவிட்டாள். திரும்பி வந்தாள்.

“எந்தத் தேதில செத்தான்? நீ சொல்லு மாமா.”

“சர்ட்டிபிகேட்ல இன்னா கீதோ அதான்.”

“உன் வாயால சொல்லு.”

“நாலு.”

மன்றத்து நிழலில் அறிவு வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனோகரனின் போட்டில் கடலுக்குப் போகிறவன். உதயா அவனிடம் போனாள்.

“அறிவு, போன வருசம் நாலாம் தேதி காலைல கடலுக்குப் போனியா?”

“எதுக்கு அதெல்லாம்?”

“போனியா?”

“போவல.”

“ஏன்?”

அவன் வலையையே பார்த்தான். குப்பத்தில் ஒருவர் இறந்தால் அடுத்த விடிகாலை ஒரு போட்டும் இறங்காது. முந்தின நாளே கோயில் மைக்கில் சொல்லிவிடுவார்கள். பஞ்சாயத்தில் இருக்கும் ஒருவர் சொன்னால்தான் அது செல்லும். அறிவிக்காமல் போட்டுகள் நின்றால் சண்டை வரும். சொன்ன பிறகு போனால் அதைவிடப் பெரிய சண்டை வரும்.

“ஏன் போவல அறிவு?”

“சாவு சொன்னாங்கோ. அதான்.”

“எப்ப சொன்னாங்க?”

“மொத நாளு சாயங்காலம்.”

“டேய்,” என்றார் மனோகரன்.

“மைக்குல சொன்னது யாரு?”

ஜானட் டீயை ஆற்றுவதை நிறுத்தினாள்.

“நீதான சொன்னே மனோகரு? வெளக்கு வெக்கற நேரம். கடைய மூடச் சொன்னே. அப்பத்தான் கறந்த பாலு வந்துச்சு. அவ்வளவும் கீழ ஊத்துனேன். உன்னைத் திட்டிகினேதான் ஊத்துனேன்.”

“நீ உன் வேலையப் பாரு ஜானட்.”

“அதத்தான் பாத்தேன். பாலு ஊத்துனது என் வேலைதான?”

உதயா மனோகரனுக்கு நேராக நின்றாள். இப்போது மாமா என்று சொல்லவில்லை.

“‘நம்ம வெற்றி தவறிட்டான். நாளைக்கு யாரும் தொழிலுக்குப் போவக் கூடாது.’ உன் குரலு. நான் வூட்ல இருந்து கேட்டேன். எனக்கு யாரும் நேர்ல வந்து சொல்லல, மைக்குலதான் தெரிஞ்சது என் தம்பி செத்தது. நாலாம் தேதி காலைல ஆஸ்பத்திரில செத்தவனுக்கு மூணாம் தேதி சாயங்காலமே சாவு சொன்னியா? எமன் உனக்குப் போன் பண்ணானா? மிஸ்டு கால் குடுத்தானா?”

யாரும் சிரிக்கவில்லை.

“அது ஊர் வழக்கம்டி. செய்தி வந்துச்சு, சொன்னேன். சொல்லாம இருக்க முடியுமா? கம்பெனில அப்பறந்தான் வேற மாதிரி...”

நிறுத்திவிட்டார். பந்தல்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்பறம் வேற மாதிரி சொன்னாங்கோ,” என்றாள் உதயா. “நீ பேனர் அடிச்சே.”

“நான் இன்னா பண்ண முடியும்? என்னையும் தூக்கி உள்ள போடுவான். ஒப்பந்தம் போச்சுன்னா இந்தக் குப்பத்துல எத்தினி வூட்ல அடுப்பு அணையும் தெரியுமா? என்னை நம்பிப் போறானுங்கோ.”

“வெற்றியும் உன்னை நம்பித்தான் போனான்.”

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்று ஹாரன் அடித்தன. தவ்ஃபீக் வாளியில் துணியை நனைத்தான். ராஜேந்திர பிரசாத் வரியைத் துடைத்தான். காய வாயால் ஊதினான். 1984 என்று எழுத ஆரம்பித்தான்.

“பாய். எழுதுனே, நாளையிலேர்ந்து சாக்பீஸத் தொடாதே.”

“சரிண்ணே.”

போபாலை முழுவதும் எழுதினான். எஸ்எம்எஸ்ஸுக்குக் கீழே வந்தான்.

“அக்கா, வயசு?”

“இருவத்தாறு.”

“வேற எதுனா போடணுமா?”

“தொட்டின்னு எழுது. தொட்டிக்குள்ளன்னு எழுது.”

எழுதினான். 2024 – வெற்றி (26), இவ்வூர், கம்பெனித் தொட்டிக்குள் இறங்கி விஷவாயுவில் இறந்தார். மற்ற வரிகள் எந்த அளவோ அதே அளவு. பெரிதாகவும் எழுதவில்லை, சிறிதாகவும் எழுதவில்லை.

“கம்பெனிக்கு அடிச்ச வரவேற்பு பேனரை இங்க கொண்டாங்கடா,” என்று மனோகரன் கத்தினார். “பலகை மேல கட்டுங்க.”

இரண்டு பேர் பேனரைத் தூக்கி வந்தார்கள். அறிவு எழுந்தான். பாதி பிரித்த வலையை அள்ளிக்கொண்டு வந்து பலகைக்குக் கீழே கொட்டினான். அதன் மேல் உட்கார்ந்தான். பேனர் கட்ட வேண்டுமானால் அவன் தோளில் ஏறித்தான் கட்ட வேண்டும். மனோகரன் அவனைப் பார்த்தார். அவன் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் கார் வந்துவிட்டது.

இறங்கியவர்களில் ஒருவர் கம்பெனி அதிகாரி. கழுத்தில் அடையாள அட்டை. கும்பிட்டுக்கொண்டே வந்தவர் பலகைக்கு முன்னால் நின்றார். கடைசி வரிவரை படித்தார். கும்பிட்ட கை அப்படியே இருந்தது. மனோகரனைத் திரும்பிப் பார்த்தார். மனோகரன் அவருக்குப் போட வைத்திருந்த சால்வையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். அது சீக்கிரம் பிரியவில்லை.

விளக்கு ஏற்றினார்கள். பேச்சைச் சுருக்கமாக முடித்தார்கள். டாக்டர் உட்கார்ந்தார். வரிசை நகரவில்லை. குப்பம்மா டோக்கனைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எது தன் மகனின் வரி என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள். அவள் கையை நீட்டிக் காட்டினாள். குப்பம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். டாக்டர் முன்னால் இருந்த நாற்காலிக்குப் போகவில்லை.

உதயா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். டாக்டர் சின்ன வயசுக்காரர். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். இறக்கினார். மறுபடி அடித்தார்.

“பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கேம்மா. மாத்திரை சாப்பிடறீங்களா?”

“இல்ல.”

“இந்த வயசுல இவ்வளவு இருக்கக் கூடாது. ஏதாவது டென்ஷனா? யாரோடயாவது சண்டையா?”

“அத படிங்க டாக்டர்.”

டாக்டர் திரும்பினார். கண்ணாடியைச் சரிசெய்தார். “உலகின் முதல் இதய மாற்று...”

“அது இல்ல. கடைசி வரி. வாய்விட்டுப் படிங்க.”

அதிகாரி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு உதயாவைப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் படித்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தொட்டிக்குள் என்ற இடத்தில் குரல் இறங்கியது.

அதிகாரி இளநீரைக் கீழே வைத்தார்.

“இன்னொரு தபா,” என்றாள் உதயா.